புகையும் பிடியும்

2001-ல் வந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்' படத்தை இன்றைக்கு டி.வி-யில் போட்டாலும் வீட்டுப் பையன்கள் இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். ரேஸ் படம் என்ற வகையில் ஜோர். இன்ஜின் விஷயத்தில்தான் இடிக்கிறது.

டிராக் ரேஸ் என்பது கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் நேர்கோட்டு ஓட்டம். படத்தில் எல்லோரும் பத்து செகண்ட் கார் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால், முதல் ரேஸில் கியர் போடுகிறார்கள், போடுகிறார்கள், போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாம் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். போகட்டும், சினிமா நேரம் அப்படித்தான். க்ளைமாக்ஸில் வின் டீசலின் 1970 டாட்ஜ் சார்ஜர் பின் டயர் புகைய வழுக்கிச் சுழன்றபடியே முன் சக்கரங்களைத் தூக்குகிறதே, அதுதான் உதைக்கிறது. மூக்கு தூக்க வேண்டுமானால் டயர் தரையைக் கவ்வ வேண்டும். கவ்வினால் அத்தனை புகை வராது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கிறவரிடம் கேளுங்கள். "குளம்பு வழுக்குனா மாடு எப்பிடிண்ணே இழுக்கும்?" என்பார்.

கரிசல் காட்டுக் கிணறுகளுக்கு இன்னொரு பாடமும் தெரியும். பழைய லிஸ்டர் மாடல் ஆயில் இன்ஜின் 1.4 லிட்டர். நிமிடத்துக்கு 650 சுற்றில் அது தருவது 6 குதிரைசக்தி. அதே அளவு கார் இன்ஜின் பத்து மடங்குக்கு மேல் தரும். வயிறு பெரிதாக இருந்தால் போதாது. வேகமாக மூச்சுவிடவும் தெரியவேண்டும்.

'ஸ்ட்ரோக்கர்' இன்ஜினின் கதையும் இதுதான். செவர்லேயின் 350 கன அங்குல வி-8-ல் கிராங்க்கை மாற்றி, பிஸ்டன் பயணத்தை 3.48 அங்குலத்திலிருந்து 3.75 ஆக்கி, சிலிண்டரை 0.03 அங்குலம் கடைந்தால் 383 ஆகிவிடும். அதோடு வேலை முடிந்ததா? இனிமேல்தான் ஆரம்பம். கூடுதல் காற்றுக்கு ஏற்ற வால்வு, கேம், கார்புரேட்டர் வேண்டும். கம்ப்ரஷன் எகிறினால் 'நாக்' அடிக்கும். பிஸ்டன் வேகம் கூடுவதால் சுற்றுக்கு வரம்பு போடவேண்டும். பற்றவைக்கும் நேரம், பின் ஆக்ஸில் கியர், டயர் காற்று... ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டி, நேரம் குறித்து, மறுபடி மாற்றவேண்டும்.

படம் இத்தனை பொறுமையையும் ஒரு நைட்ரஸ் பட்டனில் சுருக்கிவிட்டது. அந்த நைட்ரஸுக்கும் கூடுதல் பெட்ரோல் வேண்டும், டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். தவறினால் பிஸ்டன் உருகும்.

இதை ஏன் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியாகத்தான் போகிறது. சைலன்ஸரைக் கழற்றிவிட்டால் சத்தம்தான் கூடும், பிரேக் பழைய பிரேக்தான். பொது ரோட்டில் ரேஸ் விட்டால் அபராதம் 500 ரூபாயாக இருந்ததை 2019 சட்டத்திருத்தம் 5,000 ஆக்கியது. ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையில் ஹெல்மெட்டும் ஆம்புலன்ஸும் உள்ள ட்ராக் இருக்கிறது.

2008-ல் ஸ்காட் கலிட்டா என்ற பந்தய வீரர் விபத்தில் இறந்ததும், அமெரிக்காவில் அதிவேகப் பிரிவுகளின் கால் மைலையே 1,000 அடியாகக் குறைத்தார்கள். பாராசூட் கட்டி ஓட்டுகிறவர்களுக்கே அந்த பயம் இருக்கிறது.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து கார்புரேட்டர் ஜெட் மாற்றும் மெக்கானிக்கை ஹீரோவாக வைத்து யாராவது ஒரு படம் எடுங்களேன். முதல் டிக்கெட் எனக்கு.