சிட்னி பொய்ற்றியரும் குறையற்ற கறுப்பு மனிதனும்

2022 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி சிட்னி பொய்ற்றியர் தமது 94 ஆவது வயதில் காலமானபோது வெளிவந்த இரங்கலுரைகளில் 'கண்ணியம்' என்ற சொல் மீண்டும் மீண்டும் இடம்பெற்றது. சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்ற முதற் கறுப்பு நடிகர் அவர் என்பதும் தவறாது குறிப்பிடப்பட்டது. இவை உண்மைகளே. ஆனால் இதே கண்ணியத்தின் பொருட்டே 1967 இல் கிளிபோர்ட் மேசன் என்னும் கறுப்பு நாடகாசிரியர் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் அவரைக் கடுமையாகச் சாடினார். வெள்ளை அமெரிக்கா பொய்ற்றியரை ஏன் இத்துணை நேசிக்கிறது என்பது அக்கட்டுரை எழுப்பிய வினா. அதனை எதிர்கொள்ளாது அவருடைய நடிப்பை மதிப்பிட முயல்வது வெறும் புகழுரையாகவே முடியும்.

பஹாமாசில் தக்காளி பயிரிட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பம் அவருடையது. பெற்றோர் விளைச்சலை விற்பதற்கு மியாமி சென்றிருந்த வேளையில், 1927 இல், குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார். பதினாறு வயதளவில் நியூயோர்க்கை அடைந்து உணவகங்களிற் கோப்பை கழுவினார். அமெரிக்க நீக்ரோ அரங்கின் நடிப்புத் தேர்வுக்குச் சென்றபோது, வாசிக்கத் தடுமாறியமையாலும் பேச்சில் தீவுச் சாயல் மிகுந்திருந்தமையாலும் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் ஒரு வானொலிப் பெட்டியை வாங்கி, அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைப் பல மாதங்கள் பின்பற்றிப் பயின்றார். உணவகத்தில் உடன் பணியாற்றிய முதிய யூதர் ஒருவர், இரவு வேலை முடிந்த பின் அவருக்குப் பத்திரிகை வாசிக்கக் கற்பித்தார். திரையில் நாம் கேட்கும் அந்தத் திருத்தமான குரல் இவ்வாறு உழைத்துப் பெற்ற ஒன்று. இதனை மறந்து அவரை வெள்ளையர் விருப்பிற்கேற்ப வார்த்தெடுக்கப்பட்ட பொம்மை என்று கூறுவோர் அநியாயம் செய்கின்றனர்.

எனினும் பாத்திரங்களைப் பற்றிய குற்றச்சாட்டு அவ்வளவு எளிதிற் கழிந்துவிடுவதன்று. ஸ்ரான்லி கிறேமர் நெறிப்படுத்திய 'த டிபையன்ற் வன்ஸ்' (1958) படத்தில், ஒரே சங்கிலியிற் பிணைக்கப்பட்ட வெள்ளைக் கைதியும் கறுப்புக் கைதியும் தப்பியோடுகின்றனர். இறுதியிற் சங்கிலி அறுந்த பின் கறுப்பன் ஓடும் புகைவண்டியில் ஏறிவிடுகிறான். காயமுற்ற வெள்ளையனால் ஏற முடியவில்லை. அவனுக்காகக் கறுப்பன் தன் விடுதலையை இழந்து கீழே விழுகிறான். நகரின் மையத்திலிருந்த திரையரங்கில் வெள்ளைத் தாராண்மைவாதிகள் இக்காட்சியைக் கண்டு ஆறுதலடைந்தனர் என்றும், ஹார்லெமில் மக்கள் அவனை வண்டியில் திரும்ப ஏறுமாறு ஆத்திரத்துடன் கூச்சலிட்டனர் என்றும் ஜேம்ஸ் போல்ட்வின் 1976 இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். ஒரே காட்சி ஒரு சாராருக்கு மன்னிப்பாகவும் மறு சாராருக்குத் துரோகமாகவும் தோன்றியிருக்கிறது.

1967 இல் வெளிவந்த மூன்று படங்கள் அவரை ஹொலிவூட்டின் முன்னணி நட்சத்திரமாக்கின. அவற்றுள் 'ரு சேர் வித் லவ்' ஆசிரியர்கள் விரும்பிப் பார்க்கும் படம் என்பதற்கு மேல் நான் கூற விரும்புவது அதிகமில்லை. 'கெஸ் ஹூஸ் கமிங் ரு டின்னர்' படத்தின் கதாநாயகன் உலகப் புகழ் பெற்ற மருத்துவன். ஒழுக்கத்திற் சிறிதும் பிசகாதவன். வெள்ளைப் பெண்ணின் பெற்றோர் அவனை மறுப்பதாயின் நிறத்தைத் தவிர வேறு காரணம் இருத்தலாகாது என்பது இங்கும் நெறியாளரான கிறேமரின் கணக்கு. அவ்வாண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்வரை 16 மாநிலங்களில் இத்தகைய கலப்புமணம் சட்டவிரோதமாயிருந்ததை நோக்கும்போது, அக்கணக்கு விளங்கக்கூடியதே. ஆனால் அதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பாத்திரத்தின் உயிர். பெண்ணின் தந்தை கோபிக்கிறார், தடுமாறுகிறார், ஈற்றில் நீண்ட உரையாற்றி முடிவு கூறுகிறார். மருத்துவனோ அம்முடிவுக்காகக் காத்திருக்கிறான்.

'இன் த ஹீற் ஒவ் த நைற்' இதனினும் மேலான படம். தோட்ட முதலாளி என்டிகொட் தன் பூச்செடி வீட்டினுள் பொலிஸ் அதிகாரி வேர்ஜில் ரிப்ஸின் கன்னத்தில் அறைய, ரிப்ஸ் அக்கணமே திருப்பி அறைகிறான். நண்பர் சிலருடன் இதனைப் பார்த்தபோது நாம் அனைவரும் கைதட்டினோம். இந்த அறை தமது வற்புறுத்தலால் இடம்பெற்றது என்று பொய்ற்றியர் பின்னாளிற் கூறினார். திரைக்கதையின் முற்பட்ட படிகளிலேயே அது இருந்தது என்போரும் உளர். எவ்வாறாயினும், அந்த அறையின் வேகமும் அதனைத் தொடரும் மௌனமும் நடிகருக்கே உரியவை. ஆயினும் அவ்வாண்டுப் பரிசு பொலிஸ் தலைவனாக நடித்த றொட் ஸ்ரைகருக்குக் கிடைத்தது. பொய்ற்றியரின் பெயர் பரிந்துரைக்கப்படவுமில்லை. இதனை நிறவெறி என்ற ஒரு சொல்லால் விளக்கி முடித்துவிட முடியாது. நாடகத்தில் யார் மாறுகிறானோ அவனையே பார்வையாளர் பின்தொடர்கின்றனர். அப்படத்தில் மாறும் உரிமை வெள்ளையனுக்கே வழங்கப்பட்டிருக்கிறது. என்டிகொட் மீதுள்ள வெறுப்பினால் ரிப்ஸின் துப்பறிவு ஓரிடத்தில் வழிதவறுகிறது; அப்போது அவனும் ஒரு மனிதனாகத் தோன்றுகிறான். அந்த இடத்தைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. மேசன் நடிகரைச் சாடினார். எழுத்தாளரின் மேசையையும் தயாரிப்பாளரின் அச்சத்தையும் அவர் இன்னும் கூடுதலாகச் சாடியிருக்கலாம்.

1964 இல் ஒஸ்கார் பெற்றுத்தந்த 'லிலீஸ் ஒவ் த பீல்ட்' படத்திலும் இதே நிலைதான். ஜேர்மன் கன்னியாஸ்திரிகளுக்குத் தேவாலயம் கட்டிக் கொடுத்துவிட்டு அவன் போய்விடுகிறான். அதே ஆண்டிலேயே ஹரி பெலபொன்ரேயுடன் மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வூட்டிலிருந்த குடியுரிமை இயக்கத் தொண்டர்களுக்குப் பணம் கொண்டு சென்று, நிறவெறியரால் இரவில் வாகனத்தில் துரத்தப்பட்டவர் அவர். இந்த மனிதரின் அச்சமும் கோபமும் அக்காலத் திரைக்கதைகளுக்குத் தேவைப்படவில்லை.

அவை தேவைப்பட்ட படைப்பு ஒன்று உண்டு. லொறெயின் ஹான்ஸ்பெரி எழுதி, 1959 இல் மேடையேறி, 1961 இல் திரைப்படமான 'ஏ ரெய்சின் இன் த சண்' அது. இதில் அவர் வோல்ற்றர் லீ என்னும் சாரதி. குடிக்கிறான், மனைவியிடம் எரிந்து விழுகிறான். தந்தையின் காப்புறுதிப் பணத்தில் தங்கையின் மருத்துவப் படிப்புக்குரிய பங்கையும் சேர்த்து நண்பன் ஒருவனிடம் ஏமாறுகிறான். நாடகம் மகனை மையமாகக் கொள்ள வேண்டுமா, தாயையா என்பதில் நடிகருக்கும் ஆசிரியருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அந்த இழுபறியே நடிப்புக்கு முறுக்கேற்றியிருக்கக்கூடும்.

வெள்ளையர் வாழும் பகுதியிற் குடியேறாதிருக்கப் பணம் தருவதாகக் கூறியவனை வோல்ற்றர் மீண்டும் அழைக்கிறான். அவன்முன் எவ்வாறு பணிந்து நிற்பேன் என்பதைத் தாய்க்கும் மனைவிக்கும் நடித்துக் காட்டுகிறான்: முழந்தாளிட்டு, பல்லிளித்து, பழைய அடிமைப் பேச்சில் எசமானை அழைக்கிறான். மகள் கொலையுண்டும் எதிர்ப்பே காட்டாத ஒரு தந்தையின் வேடத்தைப் பணமுடை மிகுந்த காலத்திலும் மறுத்தவர் பொய்ற்றியர். வாழ்நாள் முழுவதும் எந்த உருவைத் திரையில் ஏற்க மறுத்தாரோ அதனையே இங்கு தாமாக அணிந்துகொள்கிறார். அது வோல்ற்றரின் வீழ்ச்சியாகவே காட்டப்படுவதால் காட்சி தாங்கவொண்ணாததாகிறது. பின்னர் பணம் தர வந்தவன் அமர்ந்திருக்கையில், தாய் சிறுவன் திரேவிசை வெளியேற விடாது அங்கேயே நிறுத்துகிறாள். வோல்ற்றர் மகனை ஒருமுறை பார்க்கிறான். சொற்கள் தடுமாறித் தடுமாறி வருகின்றன. வானொலியிடம் கற்ற திருத்தம் அக்குரலில் இல்லை.