கோப்புறையின் விதியும் ஆவணத்தின் இயல்பும்: அணுகல் அனுமதித் தானியக்கம் குறித்த ஒரு மதிப்பீடு

புதுச்சேரிச் சைவச் சுவடிகள், ஏறத்தாழ 11,000, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனமே இவற்றுள் பெரும்பகுதியைக் காத்துவருகிறது. ஓலையின் பாதுகாப்புப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஓலை படிமக் கோப்பாக மாறிய பின் அதை யார் திறக்கலாம், யார் திருத்தலாம் என்பதோ கணினிப் பொறுப்பாளரின் அலுவலாக ஒதுக்கப்படுகிறது. எந்த நிறுவனத்தின் சேமிப்பு முறையையும் இக்கட்டுரை ஆராயவில்லை. இத்தகைய ஆவணங்களைக் கொண்டு அனுமதித் தானியக்கம் என்னும் முறையையே எடைபோடுகிறது.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் மனிதரை உரிமையாளர், குழு, பிறர் என மூன்றாக வகுக்கின்றன. படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகளை அளிக்கின்றன. ஒரே பொறியைப் பகிர்ந்துகொண்ட நிரலாளர்களுக்கு இது போதுமானதாக இருந்தது. கோப்புகள் பெருகியபோது ஒவ்வொன்றுக்கும் கையால் அனுமதி வழங்க இயலாமல், புதிய கோப்பு தன் கோப்புறையின் குழுவையும் உரிமைகளையும் தானே பெறுமாறு வகைசெய்யப்பட்டது. செட்ஜிஐடி, இயல்புநிலை அணுகல் பட்டியல் ஆகியன இவ்வகையின.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கப்படுவதில்லை. மரபுரிமை புதிதாகப் பிறக்கும் கோப்புக்கே உரியது. ஒரே சேமிப்பகத்துக்குள் இடம்மாற்றப்படும் கோப்பு பழைய அனுமதியைச் சுமந்தபடியே வரும். நகலெடுக்கப்படுவதோ பொதுவாகப் புதிய இடத்தின் விதியை ஏற்கும். ஒளிவருடும் அறையிலிருந்து பொதுக் கோப்புறைக்குப் படிமங்களை நகர்த்துவது எண்மியமாக்கத்தில் அன்றாடச் செயல். ஆகவே ஒரே சுவடியின் சில ஏடுகள் திறந்தும் சில பூட்டியும் கிடக்கலாம். படிப்பவர் அதனை ஏடு சிதைந்ததாகவே கருதுவார்.

இதைச் சரிசெய்ய இரவுதோறும் ஒரு நிரல் முழுத் தொகுதியிலும் ஒரே அனுமதியைப் பூசிவிடுவது வழக்கம். உண்மையான இழப்பு நேர்வது இங்கேதான். புதுச்சேரி நிறுவனத்தின் வழியாக, பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தில், 1870 முதல் 1940 வரையிலான ஊர்த் தீர்ப்பவைகளின் பதிவுகளும் தேடிப் படியெடுக்கப்பட்டன. இத்தகைய பதிவுகளில் பெயர் சுட்டப்பெற்றோரின் வழித்தோன்றல்கள் அதே ஊரில் வாழக்கூடும். ஓர் ஆய்வாளர் ஆவணத்தைப் படித்து, உரியவர்களோடு பேசி, ஒரு கோப்பை மட்டும் மறைத்து வைத்தால், இரவு நிரலுக்கு அது விதிமீறலாகவே தெரியும்; மறுநாள் அது எல்லோர்க்கும் திறந்திருக்கும். நிரலைக் குறை கூறிப் பயனில்லை. ‘ஏன் மறைக்கப்பட்டது’ என்பதை எழுதி வைக்க அனுமதிக் குறியில் இடமே இல்லை.

விதி கோப்புறையிலிருந்து பிறப்பதே அடிப்படைப் பிழை. ஒரே சுவடிக்கட்டில் பல நூல்கள் இருப்பது ஏட்டு மரபு அறிந்தோர்க்குப் புதிதன்று. கட்டுக்கு ஒரு கோப்புறை, கோப்புறைக்கு ஓர் அனுமதி என்பது நூலை மறந்து கயிற்றை எண்ணுவதாகும். அனுமதிக்கான முடிவு, காரணம், முடிவெடுத்தவர், மறுபரிசீலனை நாள் ஆகியன சுவடி விவரப்பட்டியலில் நூல்வாரியாகப் பதியப்பட வேண்டும். நிரல் அதைப் படித்து நிறைவேற்றினால் போதும். அப்போது தானியக்கம் விதிவிலக்குகளை அழிக்காது, காக்கும். ஆனால் பட்டியலைத் திருத்தும் உரிமை யாருக்கு என்ற வினா அப்போதும் எஞ்சும். அதனைப் பதிப்பாசிரியரும் ஆவணம் தந்த ஊராரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டியிருக்கும்.