மனுசங்கடா: ஒரு சொல்லை அலகிடுதல்

எம்.ஏ. படிக்கும்போது யாப்பு நடத்திய ஆசிரியரிடம் இன்குலாப்பின் 'மனுசங்கடா' பற்றிக் கேட்டேன். "அது கோஷம்ப்பா, கவிதைக் கணக்குல வராது" என்று முடித்துவிட்டார். சரி, கணக்கே போட்டுப் பார்ப்போம் என்று அந்த ஒரு சொல்லை அன்றே அலகிட்டேன். மனு-சங்-கடா. நிரை, நேர், நிரை. புளிமாங்கனி. வெண்பாவுக்குள் நுழைய விடாத கனிச்சீர்; வஞ்சிக்கு உரியது.

வெண்பா அந்தணருக்கு, ஆசிரியப்பா அரசருக்கு, கலிப்பா வணிகருக்கு, வஞ்சிப்பா வேளாளருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தவை பாட்டியல் நூல்கள். எழுத்துக்கே வருணம் சொன்னவர்கள் அவர்கள். நாலு பா, நாலு வருணம். சேரிக்குப் பங்கில்லை. (நம்ம புளிமாங்கனியும் வேளாளர் தோப்பிலதான் காய்க்கணும் போல!) 1934இல் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' தொடங்கி யாப்பை உடைத்தோம் என்று புதுக்கவிதைக்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். உடைக்கட்டும், அவங்க வீட்டுச் சாமான். நம்ம ஆத்தாமார்களின் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் மோனையையும் எதுகையையும் எவரிடமும் கேட்டு வாங்கவில்லை.

பாட்டுக்கு வருவோம். பல்லவி எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ அதே சொல்லில் முடிகிறது. ஒருதரம் சொன்னால் செய்தி. திரும்பச் சொல்லும்போது, முதல்தரம் சொன்னது அவன் காதில் ஏறவில்லை என்பதும் சேர்ந்து கேட்கிறது. 'மனிதர்களடா' என்று திருத்திப் பாடிப் பாருங்கள். நாலசையாகி நாக்கு இடறும், பறையின் அடியும் தப்பும். இந்தச் சீரைக் கட்டித் தந்தது பேச்சுமொழிதான். கடைசியில் நிற்கும் 'டா' வெறும் இயைபு இல்லை. எங்க ஊரில் பத்து வயசுப் பையன் என் தாத்தாவைக் கூப்பிட்ட 'டா' அது. பாட்டில் அது ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டவனுக்கே திரும்பிப் போகிறது.

'நாங்க' என்று எழுதிய இன்குலாப் பிறப்பால் தலித் இல்லை, கீழக்கரை முஸ்லிம். இதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் மாரந்தை கே.ஏ. குணசேகரன் பாடியபோது அந்த 'நாங்க' எழுதியவரை விட்டுப் பாடியவருக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2016இல் இருவருமே போய்விட்டார்கள்.

மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பல வருசம் கழித்து ஒரு நினைவு நாளில், மைக் இல்லாமல் ஒரு அம்மா இந்தப் பாட்டை எடுத்தார். சரணம் எதுவும் அவருக்கு நினைவில்லை. அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பப் பாடினார். கூட்டம் வாங்கிப் பாடியது. யாரும் சரணம் கேட்கவில்லை.