வடிகட்டியும் வகுப்பறையும்

இணையத்துக்கு வடிகட்டி பொருத்திவிட்டால் இளைஞரை ஆபாசப் படங்களிலிருந்து காத்துவிடலாம் என்போர் நம்மிடையே பலர். தீவகத்துப் பெற்றோரின் அச்சத்தை நாம் இகழவில்லை. 2020-இல் கொரோனாவாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடத்தின் பெயராலேயே கைத்தொலைபேசி பிள்ளைகளிடம் வந்தது. பாடசாலை திறந்தபின்னும் அது கைவிட்டுப் போகவில்லை. ஆயின், அச்சம் நியாயமானது என்பதற்காக மருந்தும் சரியானதாகிவிடுமா?

தடைசெய்த தளங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வழிமறிப்பதே வடிகட்டியின் தொழில். சிறுபிள்ளை தற்செயலாக ஒரு படத்தைக் காண்பதை அது தடுக்கும், அப்பயனை மறுப்பதற்கில்லை. பதினைந்து வயதினன் வேண்டுமென்றே தேடுகையிற் கதை வேறு. 2007-இல் அவுஸ்திரேலிய அரசு 8.4 கோடி டொலர் திட்டத்தில் வழங்கிய வடிகட்டியைப் பதினாறு வயது மாணவனொருவன் ஏறத்தாழ அரைமணி நேரத்திற் கடந்து காட்டினான். நம் நாட்டுச் சான்றோ இன்னும் சுவையானது. 2022 ஏப்ரல் 3-ஆம் நாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது, இளைஞர் விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சராயிருந்த நாமல் ராஜபக்சவே, தாம் வி.பி.என். என்னும் மறைவழியாலேயே நுழைந்திருப்பதாகவும், இத்தகைய தடை பயனற்றதெனவும் பகிரங்கமாக எழுதினார். அமைச்சர் அறிந்த வழியை மாணவர் அறியார் என்று எண்ணுவது பேதைமை! அன்றியும், நண்பன் வட்ஸ்அப்பில் அனுப்பும் படம் ஒட்டிய உறைக்குள் வரும் கடிதம் போன்றது. இடைவழி வடிகட்டிக்கு அதனுள் இருப்பது தெரியாது.

வடிகட்டி யாருக்குக் கைகொடுக்கும் என்றும் கேட்டாக வேண்டும். ஆங்கிலமும் ஓய்வும் உள்ள பெற்றோர் அதனைச் சீராக அமைத்துக்கொள்வர். இரவெல்லாம் கடலில் நின்று விடியலிற் கரைசேரும் ஊர்காவற்றுறைத் தொழிலாளிக்குத் தொலைபேசியை இயக்கக் காட்டித் தருபவன் பெரும்பாலும் அந்த மகனேதான். பூட்டும் திறப்பும் ஒரே கையில்!

ஆபாசப் படம் ஒரு வணிகப் பொய். பெண்ணைப் பண்டமாகவும் அவள் வலியை இன்பமாகவும் காட்டி விற்கும் பொய். அதனை எதிர்க்கும் உண்மை எங்கே கிடைக்கும்? சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திலே இனப்பெருக்க நலம் பற்றிய பகுதி உண்டு. 'வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்' என்று அதைக் கடந்துசெல்லும் ஆசிரியரை நாம் அறியாதவர்களா? வகுப்பறை வாய்மூடியிருக்க, அப்பொய்யே ஆசானாகிறது.

ஆசிரியரை மட்டும் பழிப்பதும் முறையன்று. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். காலைப் படகில் வந்து பிற்பகற் படகைப் பிடிக்க ஓடும் ஆசிரியையிடம், வகுப்பு முடிந்தபின் தனியே ஒன்று கேட்க விரும்பும் மாணவிக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்?