‘கலையரசி’யின் பாத்திரங்கள்

ஏ. காசிலிங்கத்தின் நெறியாள்கையில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘கலையரசி’, விண்வெளிப் பயணத்தைக் கதைப்பொருளாகக் கொண்ட முதற் தமிழ்ப் படங்களுள் ஒன்றாகும். யூரி ககாரின் விண்ணேகியது 1961 ஏப்பிரலில். அவ்வாண்டின் இறுதியில் அவர் இலங்கைக்கும் வந்து சென்றார். விண்கலம் என்னுஞ் சொல் பாமரர் வாயிலும் பயின்ற காலம் அது.

அறிவியலை நாடிப் படத்தைக் காண்போர்க்குக் கிட்டுவது சொற்பமே. பழைய இராசா ராணிக் கதையே வேற்றுக்கோளிற் குடியேறியது எனலாம். ஆராயத்தக்கது பாத்திரப் படைப்பு. எம். என். நம்பியார் ஏற்ற தின்னா, அறிவியலில் ஓங்கிக் கலையில் வறுமையுற்ற கோளொன்றிலிருந்து வருபவன். வழமையான வில்லன் பொருளையோ பெண்ணையோ விரும்புவான். இவன் முதலில் விரும்புவது ஒருத்தியின் வித்தையை. இசையும் ஆடலும் கற்பிக்கவென்றே பி. பானுமதியின் வாணி தூக்கிச் செல்லப்படுகிறாள்.

மலைநாட்டார்க்கு இக்கதை விண்ணுலகக் கதையாக மட்டும் தோன்றுதல் அரிது. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் கங்காணிமார் கடல் கடத்திக் கொணர்ந்தோரிடம் நாடப்பட்டது அவர்தம் கையுழைப்பே. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பேசுவதற்கென ஒதுக்கியது. பங்கிடப்பட்டோரின் விருப்பம் அன்றும் வினவப்படவில்லை.

வாணியின் விருப்பத்தையும் படம் போதியவாறு வினவவில்லை. ஆடவர்க்கு நிகராக நின்று பேசவும் பாடவும் வல்ல பானுமதியை மீட்பரை எதிர்நோக்கும் நிலையில் நிறுத்தியது வீண். மீட்பர் மோகன், எம். ஜி. இராமச்சந்திரன், 1917இல் நாவலப்பிட்டியிற் பிறந்தவர் என்பதால் மலைநாட்டார் உரிமை பாராட்டும் நடிகர். வீரம் அவர்க்குக் கைவந்தது, அதில் வியப்பில்லை. தன்னை ஒத்த விகடனின் வேடம் பூண்டு அயற்கோளில் நடமாடுங்கால்தான் அவர் நடிப்பிற் புதுமை தெரிகிறது. அஞ்சியவன்போல் குழைந்து, அடுத்த கணமே நிமிரும் அந்த மாற்றம் வாட்போரினும் சுவை மிக்கது.

பானுமதியின் மறுவேடம் சித்தங் கலங்கிய வள்ளி. உருவ ஒற்றுமையால் மண்ணிலுள்ளோர் அவளை வாணியென்றே கொள்கின்றனர். சென்றவளின் இடம் வெறுமையாயிருப்பதை அவள் முகமே மறைத்துவிடுகிறது. இத்துணை ஆழமான அமைப்பை ஆள்மாறாட்டக் குழப்பத்துக்கே பெரிதும் செலவிட்டமை நெறியாளரின் குறை. பானுமதியோ, அச்சிறு இடைவெளியிலும் வள்ளியைத் தனியொருத்தியாக்கிவிடுகிறார்.