விருந்தினரின் கையிற் கமரா

கலியாணப் படத்தை ஒரு கலைப்படைப்பாகக் கொண்டு விமர்சிக்க முற்படுவோர் நம்மிடையே அரியர். ஓவியத்துக்குத் திறனாய்வு உண்டு. நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உண்டு. ஆனால், புத்தகமே புகாத வீட்டிலும் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கும் அந்த ஒரு படத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மக்களிடையே இத்துணைப் பரவலாக வாழுகின்ற ஒரு சித்திரக்கலை யாருடைய கண்கொண்டு ஆக்கப்படுகின்றது என்ற வினாவை எழுப்பாது விடுதல் முறையாகாது.

இவ்வினாவை இப்பொழுது எழுப்புதற்குத் தனிக் காரணமும் உண்டு. வசதிபடைத்தோர் கலியாணங்களில், மணவறைக்கு எட்டத்தே, மண்டபத்தின் ஒரு மூலையில் அலங்காரத் திரையொன்றைத் தொங்கவிட்டு, அதன்முன் கமராவொன்றைத் தாங்கியில் நிறுத்திவைக்கும் வழக்கம் வந்துள்ளது. அருகில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் காகித மீசை, பெரிய மூக்குக்கண்ணாடி, கிரீடம், தொப்பி. விருந்தினர் தாமே சென்று, தாம் விரும்பிய கோலத்தில் நின்று, தாமே விசையை அழுத்திப் படமெடுத்துக்கொள்ளலாம். 'போட்டோ பூத்' என்பர். நாம் படக்கூண்டு என்று சொல்லிக்கொள்வோம். மங்கல காரியத்திற் கோமாளித்தனம் எதற்கு என்று முகஞ்சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நாம் உடன்படவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லல் வேண்டும்.

வழமையான கலியாணப் படத்தை முதலிற் பார்ப்போம். தாலி கட்டி, அறுகரிசி இட்டு முடிந்ததும் மணவறையின் முன் ஒரு வரிசை உருவாகின்றது. பெற்றோர், மாமன்மார், அவர்களுக்குப் பின் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், டாக்டர், அதிபர், வங்கி முகாமையாளர். படமெடுப்பவர் கைகாட்டிய இடத்தில் நிற்றல் வேண்டும். அவர் சொன்ன திசையில் நோக்கல் வேண்டும். வெளிச்சம் மின்னியதும் இறங்கிவிடல் வேண்டும். கட்டளை அவர் வாயிலிருந்து வருகின்றதாயினும், அது பணம் கொடுத்தவருடைய கட்டளையே. அவ்வரிசையின் வாலில், கைப்பையினுள் இருக்கும் என்வலப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தபடி, ஏழை உறவுக்காரி ஒருத்தி நிற்பாள். அவளுடைய முறை வருமுன் பந்திக்கு அழைப்பு வந்துவிடும். பிற்காலத்தில் அல்பத்தைப் புரட்டுவோர், அவள் வந்திருந்தாள் என்பதையே அறியார்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, தாம் பிறந்த பெயார்ன் பிரதேசத்துக் கிராமியக் கலியாணங்களை ஆராய்ந்து, கலியாணக் குழுப்படத்திற் பதிவாவன தனி மனிதர்களைக் காட்டிலும் அவர்களுக்கிடையேயுள்ள உறவுகளும் ஸ்தானங்களுமே என்று காட்டினார். தம் குழுவினருடன் அவர் 1965இல் வெளியிட்ட நூலில் இவ்வாராய்ச்சி இடம்பெற்றது. கிராமத்தவர் அப்படத்தை அழகுக்காகப் பார்ப்பதில்லை. யார் யார் வந்தனர், யாருக்குப் பக்கத்தில் யார் நின்றனர் என்று படிக்கிறார்கள். (அந்த ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது கொடாக் கம்பனியின் பிரெஞ்சுக் கிளை என்பதை வாசகர் ஒரு சுவைக்காக நினைவிற் கொள்ளலாம்.)

நமது கிராமங்களில் 'யார் யார்' என்ற கேள்விக்கு இன்னுமொரு முகம் உண்டு. கட்டாடியார் வந்து வெள்ளை கட்டாமற் கலியாண வீடு தொடங்காத காலம் ஒன்றிருந்தது. அக்காலத்துப் படங்களிற் பந்தலின் மேல் அவர் கட்டிய வெள்ளைத் துணி தெரியும், அவர் தெரியார். படத்தில் யார் கதிரையில், யார் பின்வரிசையில், யார் நிலத்தில் என்பது அற்ப விஷயம் என்று சிலர் கூறலாம். ஒரே வாங்கில் அமரும் உரிமைக்காக 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எத்தகைய எதிர்ப்பைத் தாண்டவேண்டியிருந்தது என்பதை அறிந்த ஆசிரியர் எவரும் அவ்வாறு கூறமாட்டார்.

கமராவின் பின் நிற்பவருக்கும் முன் நிற்பவருக்கும் இடையிலுள்ள இந்த ஏற்றத்தாழ்வு கலியாண வீட்டிற் பிறந்ததன்று. அதற்கு முன்னரே இந்நாட்டில் வேரூன்றியது. புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களுக்குக் கவி டெனிசன், விஞ்ஞானி ஹேர்ஷல் என்று பெயர்கள் உண்டு. களுத்துறையில் அவர் முன் நிறுத்தப்பட்ட தொழிலாளருக்கும் கிராமத்தவருக்கும் பெயரில்லை. எப்படி நிற்க விரும்புகிறாய் என்று அவர்களை எவரும் கேட்டதாகவும் அப்படங்கள் காட்டவில்லை.

படமெடுப்பவரையே நீக்கிவிட்டால் என்ன நிகழும்? சைபீரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய அனற்றோல் ஜோசப்போ என்பவர், 1925 செப்டெம்பரில் நியூயோர்க்கின் புரோட்வே வீதியில் 'போட்டோமற்றன்' என்ற பொறியை நிறுவினார். இருபத்தைந்து சதம் போட்டால் ஏறக்குறைய எட்டு நிமிடத்தில் எட்டுப் படங்கள் வரும். வழிகாட்ட ஓர் ஊழியர் நின்றாராயினும், வில்லைக்குப் பின்னால் எவருமில்லை. முதல் ஆறு மாதங்களில் 280,000 பேர் அதனுட் சென்று வந்தனர் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஸ்ரூடியோவின் வாசலை மிதிக்கும் வசதியில்லாத பலருக்கும் தம் முகத்தைத் தாமே பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு கைக்காசுக்குக் கிட்டியது. 1927இல் அவ்வுரிமையைப் பத்து இலட்சம் டொலருக்கு முதலாளிகள் குழுவொன்று வாங்கிக்கொண்டதையும் சொல்லவேண்டும். மக்கள் கூட்டம் எங்கே திரளுகின்றதோ அங்கே முதலும் விரைந்து வந்துசேரும்.

அப்பொறியின் வரலாறு முரண்கள் நிறைந்தது. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் சிரிக்காத முகத்தை எடுத்துக் கொடுத்ததும் அதுவே. காதலரும் சிப்பாய்களும் நாக்கை நீட்டிப் படமெடுத்ததும் அதிலேயே. 1929 டிசம்பரில் பாரிஸ் நகரத்துச் சர்ரியலிசவாதிகள் தமது சஞ்சிகையின் இறுதி இதழில், ரெனே மக்ரீத்தின் ஓவியமொன்றைச் சுற்றித் தம்முள் பதினாறு பேரின் கூண்டுப் படங்களைக் கண்மூடிய நிலையில் அச்சிட்டனர். பொலிசார் விரும்பும் முகத்தைக் கொடுக்க மறுத்தல் என்று அதனைப் படிக்கலாம். கலியாண வீட்டுக் கூண்டின் குறும்பும் தூரத்து உறவில் இவ்வம்சத்தையே சேர்ந்தது.

ஆயினும், இன்று நாம் காணும் கூண்டை அவ்வாறே ஏற்றுக்கொள்ள நமது மனம் இடந்தரவில்லை. தடை அந்தப் பெட்டியினால் வருவது. இவ்விடத்தில் மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டைச் சற்று நோக்குதல் பயனுடையது. பமாக்கோ நகரில் 1948இல் ஸ்ரூடியோ திறந்த செய்டு கெய்ட்டா, கோட்டு, கைக்கடிகாரம், பேனா, வானொலிப் பெட்டி, ஸ்கூட்டர் ஆகியவற்றை அங்கே வைத்திருந்தார். வாடிக்கையாளர் தமக்கு வேண்டியதைத் தெரிந்து, அணிந்து, அதனோடு நின்றனர். அங்கே பொருள் ஆசையின் சின்னம். காலனி ஆட்சியின் கீழிருந்த ஒருவன், வரவிருக்கும் தன்னைக் கடிகாரத்தோடு கற்பனை செய்துகொண்டான். 1960இல் அந்நாடு விடுதலை பெற்றபின், மலிக் சிடிபே என்ற இளைஞர் சைக்கிளில் ஏறி இரவுக் கொண்டாட்டங்கள்தோறும் சென்று, ஆடும் இளைஞரைப் படமெடுத்தார். சிறு பிரதிகளை மட்டைகளில் ஒட்டித் தம் ஸ்ரூடியோவிற் காட்சிக்கு வைத்தார். தம்மைத் தாமே அதிற் கண்டுபிடித்தவர்கள் பிரதி சொல்லி வாங்கிச் சென்றனர்.

இவற்றோடு ஒப்பிட்டால், நமது மண்டபத்துப் பெட்டியிலுள்ள காகித மீசை யாருடைய ஆசை? எவருடையதுமன்று. அது மொத்த விலைக்கு வாங்கப்பட்ட சிரிப்பு. அதே கிரீடம் நேற்று இன்னொரு கலியாணத்தில் இன்னொருவர் தலையில் இருந்தது. நாளை மற்றொருவர் தலையில் இருக்கும். படத்தின் அடியில் மணமக்களின் பெயருக்குப் பக்கத்திலேயே வாடகைக் கம்பனியின் பெயரும் அச்சாகி வருகின்றது. விருந்தினர் விளையாடுகிறார் என்று நாம் எண்ணுகிறோம். அவர் சம்பளமில்லாமல் விளம்பரத்துக்கு நிற்கிறார்.

அப்படியாயிற் கூண்டை வேண்டாமென்பதா? அன்று. விசை விருந்தினரின் கையில் இருக்கின்றதே, அதற்காகவே நாம் இதனை ஆதரிக்கிறோம். நாம் பார்த்த கூண்டுப் படங்களுள் மிகச் சிறந்தவை பெட்டியைத் தொடாதவர்கள் எடுத்தவை. இருவேறு நாடுகளில் முதுமையடைந்த சகோதரிகள் இருவர், ஒருத்தி தோளில் மற்றவள் தாடையை ஊன்றி நிற்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் பழைய மாணவனின் காதைத் திருகுகிறார், மாணவனுக்கு நரைத்துவிட்டது. மணவறைக்கு முன்னால் எந்தப் படமெடுப்பவர் இப்படி நிற்கச் சொல்லியிருப்பார்? அங்கே அவர்கள் பெண்வீட்டாரின் உறவினர். இங்கே அவர்கள் அவர்களே.

இதனைச் சிறு விஷயமாகக் கொள்ளும் உரிமை மற்றைய நாட்டவர்க்கு இருக்கலாம், நமக்கில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது சுவரிலிருந்த படங்களைக் கழற்ற நேரமிருக்கவில்லை. 2009இல் வன்னியில், தூக்கிச் சென்றவற்றையும் வழியிற் போட்டுவிட நேர்ந்தது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் தொடங்கிய தொடர்போராட்டப் பந்தல்களில், காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றுட் சில பெரிய படங்களிலிருந்து வெட்டி எடுத்துப் பெருப்பித்தவை. ஓரத்தில் வேறொருவரின் தோள் தெரியும். மாலையின் ஒரு துண்டு தெரியும். ஏதோ ஒரு கலியாணத்தில், யாருடைய பெருமைக்காகவோ பின்வரிசையில் நின்றபோது விழுந்த முகம், பிள்ளையின் ஒரே முகமாகத் தாயின் கையில் எஞ்சியது. தான் விரும்பியபடி ஒருமுறையேனும் அவன் படத்தில் நின்றிருந்தால் அந்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணாமல் அப்பந்தலைக் கடக்க முடியாது.

ஆகவே, கலியாணம் செய்விப்போரிடம் நாம் கேட்பன சிலவே. பெட்டியைக் கம்பனிக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். திரைக்குப் பதில் வெறுஞ் சுவர் போதும். பந்தி பரிமாறுபவர்களும், சமையற்கட்டில் அண்டா கழுவுபவர்களும், மேளகாரரின் பையைத் தூக்கிவந்த சிறுவனும் அக்கூண்டுக்குள் வரலாம் என்பதை வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் வரமாட்டார்கள், வர நமது சமுதாயம் பழக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி எடுக்கச் செய்து, ஒன்றை நின்றவரின் கையில் அன்றே கொடுங்கள். மற்றொன்றை அல்பத்தில் ஒட்டும்போது, கீழே அவர் பெயரை எழுதுங்கள்.