மதுரையில் ஜாகை

நம் பத்திரிகைகளில் வரும் பிரயாணக் கட்டுரைகளை ஒன்று விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. கோபுரம் எத்தனை நிலை, குளத்தின் நீளம் என்ன, ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தால் 985 தூண்தான் என்பதெல்லாம் அவற்றில் தவறாமல் இருக்கும். எழுதியவர் அந்த ஊரில் எங்கே படுத்துத் தூங்கினார் என்பது மட்டும் இருக்காது. ஒரு வாக்கியத்தில் ரயிலை விட்டு இறங்குகிறார். அடுத்த வாக்கியத்தில் சந்நிதியில் நிற்கிறார். பெட்டியை எங்கே வைத்தார், யாருடைய வாசலைத் தாண்டி வந்தார், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஜாகையைப் பற்றி எழுதுவது கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் தங்குகிறவன் பார்க்கிற ஊர், பெரும்பாலும் அவனுடைய ஜாகையைச் சுற்றியிருக்கிற ஊர்தான். மிச்சத்தை அவன் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறான். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1908இல் வெளியிட்ட ஒரு நாவல், பிளாரன்ஸ் நகரத்து விடுதியில் ஆறு தெரிகிற அறை கிடைக்கவில்லையே என்ற மனத்தாங்கலில்தான் ஆரம்பிக்கிறது. இன்னொருவர் தம் அறையை மாற்றிக் கொடுக்க முன்வருகிறார். கதை முழுவதும் அந்தச் சின்ன உபகாரத்திலிருந்து கிளம்புகிறது. இதைப் படித்துவிட்டு, ஆங்கில நாவலாசிரியனுக்கு எவ்வளவு நுணுக்கமான கண் என்று நாம் வியக்கிறோம். அதே கண்ணோடு மதுரையில் ஜாகை தேடிய கதை ஒன்று நம்மிடமே இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் இன்றைய மதுரையைக் கொஞ்சம் பார்த்துக் கொள்வோம்.

மதுரைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே கண்ணில் படுகிற லாட்ஜில் நுழைந்துவிடுகிறார்கள். டவுன் ஹால் ரோடும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவர்களுக்காகவே ஏற்பட்டவை போல இருக்கின்றன. மங்கம்மாள் சத்திரம் என்ற பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. வெளியூர்க்காரன் வந்து இறங்குகிற இடம் என்று அந்தப் பகுதிக்குப் பழைய பாத்தியதை உண்டு. ஆனால் அந்தத் தெரு வந்த கதை பலருக்குத் தெரியாது. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் நாயக்கர் காலத்துக் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்தார். அந்த நிலத்தில் போட்ட தெருக்கள்தாம் வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று பெயர் பெற்றன. ஆக, நிலையத்து லாட்ஜில் தங்குகிறவர் பழைய அகழியின் ஓரத்தில் படுத்துத் தூங்குகிறார் என்று சொன்னால் பொய்யாகாது. அவர் ஊருக்குள்ளும் இல்லை, வெளியிலும் இல்லை. ரயிலுக்குத் தோதான இடம், அவ்வளவுதான்.

கொஞ்சம் வசதி உள்ளவர்கள் வைகைக்கு வடக்கே போகிறார்கள். தல்லாகுளம், அண்ணாநகர், மாட்டுத்தாவணிப் பக்கம் அகலமான தெரு, கார் நிறுத்த இடம், சத்தமில்லாத அறை எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து கோவிலுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விட்டு, நடை சாத்துவதற்குள் தரிசனம் முடித்து, ஆட்டோ பிடித்துத் திரும்ப வேண்டும். இன்னும் வசதி உள்ளவர்கள் பசுமலை மேல் தங்குகிறார்கள். மலையிலிருந்து பார்த்தால் ஊர் ஒரு சித்திரம் மாதிரி கிடக்கிறது. ஆனால் சித்திரத்திலிருந்து மல்லிகை வாசனை வராது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், மாசி வீதிகளுக்குள் ஓர் அறை கிடைக்குமானால் அறை சுமாராக இருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோவிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள் விரிகின்றன. உள்ளே இருப்பவனுக்குக் காரியம் எல்லாம் நடையில்தான். மத்தியானம் நடை சாத்தினால் ஜாகைக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுப் படுக்கலாம். மாலையில் திறந்ததும் மறுபடி போகலாம். இரவு சுவாமியின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்குக் கொண்டு வருகிற நேரத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கினவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள், கீழ மாசி வீதியில் மளிகை மண்டிகள், வெண்கலக் கடைத் தெரு என்று ஒன்று. தொழிலுக்கு ஒரு தெரு என்ற பழைய ஏற்பாடு இன்னும் அழிந்துவிடவில்லை. விடிவதற்கு முன்னால் சாமான் இறக்குகிற சத்தத்தில் தூக்கம் கெடும் என்பது வாஸ்தவம்.

ஒரே ஒரு சமயத்துக்கு மட்டும் என் யோசனையை மாற்றிக்கொள்வேன். சித்திரைப் பௌர்ணமிக்குப் போகிறவர் வடகரையில்தான் தங்க வேண்டும். அழகர் மலையிலிருந்து அழகர் வருகிற வழி அது. எதிர்சேவை நடப்பது அங்கே. ஆற்றில் இறங்குவதற்கு முந்தின இரவு அவர் தங்குவதும் தல்லாகுளத்துப் பெருமாள் கோவிலில்தான். அழகரே அங்கே ஜாகை போடும்போது நாம் மேல மாசி வீதியில் இருந்துகொண்டு என்ன செய்வது?

இப்போது பழைய கதைக்கு வருகிறேன். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வடக்கேயிருந்து வருகிறார்கள். திருச்சிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர் இன்று மாட்டுத்தாவணியில் இறங்கி ஆற்றைக் கடக்கிற மாதிரியே, அவர்களும் வைகையைக் கடந்து தென்கரைக்கு வருகிறார்கள். குதிரை முகமும் யானை முகமும் வைத்த ஓடங்கள் துறையில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு மரப்புணையில் ஏறுகிறார்கள். பிறகு கோட்டைக்கு வெளியே, துறவிகள் மட்டுமே இருக்கிற புறஞ்சேரியில் தங்குகிறார்கள். இது முதல் ஜாகை.

மறுநாள் காலை கோவலன் கவுந்தியிடம் சொல்லிக்கொண்டு புறப்படுகிறான். என்ன சொல்லிப் புறப்படுகிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊருக்குள் போய்த் தன் இனத்து வணிகர்களிடம் தன் நிலைமையைத் தெரிவித்துவிட்டு வருகிறேன், அதுவரையில் கண்ணகி உங்கள் பாதுகாப்பில் இருக்கட்டும் என்கிறான். அதாவது ஜாகை தேடத்தான் போகிறான். ஊர்காண் காதை முழுவதும் இந்த ஒரு நாளைப் பற்றியது. கணிகையர் வீதியைப் பார்க்கிறான். இளங்கோ அங்கே நிறைய நேரம் நிற்க வைக்கிறார். கடைத்தெருவைப் பார்க்கிறான். குற்றமுள்ள கல் எது, குற்றமில்லாத கல் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிற ரத்தின வீதியைப் பார்க்கிறான். பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி எல்லாம் சுற்றுகிறான். பிறகு ஊரைக் கண்ட சந்தோஷத்தோடு கோட்டைக்கு வெளியே திரும்பி விடுகிறான்.

வணிகர்களைப் பார்த்தானா? பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. இந்தக் காதையைப் பற்றி எழுதுகிறவர்கள் அக்காலத்து மதுரையின் செல்வ வளத்துக்குச் சான்று தேடுகிறார்கள். எத்தனை வகைப் பொன், எத்தனை வகைத் தானியம் என்று கணக்கெடுக்கிறார்கள். போன காரியம் என்ன ஆயிற்று என்று யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் அது என் கண்ணில் படவில்லை. எனக்கு இந்த இடம்தான் காவியத்திலேயே மிகவும் நாவல் தன்மை உள்ள இடமாகப் படுகிறது. மாசாத்துவான் மகன், சொத்தைத் தொலைத்தவன், மனைவியை நடக்க வைத்துக் கூட்டி வந்தவன், எந்த முகத்தோடு இன்னொரு வணிகன் வீட்டு வாசலில் போய் நிற்பான்? அடுத்த தெருவில் கேட்கலாம், அடுத்த தெருவில் கேட்கலாம் என்று நடந்தே பொழுதைப் போக்கியிருப்பான். வேடிக்கை பார்ப்பது ஒரு சாக்கு. இளங்கோ இதைச் சொல்லவில்லை. ஊரின் அழகை அடுக்கிக்கொண்டே போய், அவனை வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறார். சொல்லாமல் விட்டதுதான் அவருடைய சாமர்த்தியம் என்பேன்.

கவுந்தியும் மாடலனும் அவனை விடவில்லை. இந்த இடம் துறவிகளுக்குத்தான் பொருந்தும், உனக்குப் பொருந்தாது. சூரியன் சாய்வதற்குள் ஊருக்குள் போ, வணிகர்கள் உன்னை ஏற்றுக்கொள்வார்கள் என்று இருவரும் சொல்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் இயக்கிக்குப் பால் படைத்துவிட்டு மாதரி வருகிறாள். வயதானவள், இரக்கமுள்ளவள், பசுவை நம்பிப் பிழைக்கிறவள். கண்ணகியை அவளிடம் ஒப்படைக்கிறார் கவுந்தி. ஆனால் அதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது. இவள் கணவனுடைய தகப்பன் பெயரைக் கேட்டால் அவர்கள் குலத்தார் ஓடி வந்து விருந்தாக அழைத்துக்கொள்வார்கள். அந்தச் செல்வர் வீட்டுக்குப் போகிற வரையில் உன்னிடம் அடைக்கலம் என்கிறார். ஆக, மாதரி வீடு தற்காலிக ஜாகை.

அந்த ஜாகையை இளங்கோ வர்ணிக்கிற விதத்தை நம் பிரயாண எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டும். மோர் விற்கிற பெண்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில் மாதரி விருந்தாளியை வைக்கவில்லை. செம்மண் பூசி, பந்தல் போட்ட தனிச் சிறு வீட்டைக் கொடுக்கிறாள். பகலிலேயே சாப்பிட்டு முடிக்கிற நோன்புக்காரர்கள் என்று புதுப் பாத்திரங்கள் கொடுக்கச் சொல்கிறாள். பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், அரிசி, பால் எல்லாம் வருகின்றன. மாதரியின் மகள் ஐயை அடுப்பு மூட்ட, கண்ணகி காய் நறுக்கிக் கை சிவந்து, முகம் வியர்த்து, புகையில் கண் சிவக்கச் சமைக்கிறாள். பனையோலைத் தடுக்கில் உட்கார வைத்து, தரையில் நீர் தெளித்து, வாழைக் குருத்தில் பரிமாறுகிறாள். அவர்களுக்குக் கிடைத்ததற்குள் நல்ல ஜாகை இதுதான். சாப்பாடு முடிந்ததும் கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான்.

பிறகு நடந்ததற்குக் காரணம் ஊழ்வினை என்று காவியமே சொல்கிறது. நான் மறுக்க வரவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் பார்க்கிறேன். பொற்கொல்லன் காட்டிக் கொடுத்ததும் காவலர் உடனே வெட்டிவிடவில்லை. ஆளைப் பார்த்தால் கொலைத் தண்டனைக்கு உரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் ஒரு கதவு. யார் வீட்டு விருந்தாளி என்று ஒருவன் கேட்டு, இன்ன வீதியில் இன்ன வணிகர் வீடு என்று பதில் வந்திருந்தால், இரண்டு ஆள் ஓடி விசாரித்திருப்பார்கள். இடைச்சேரியில் ஒரு கிழவி வீடு என்பது அந்த ஊரில் விலாசமாகாது. பொற்கொல்லன் அந்த இடைவெளியில்தான் சிரித்துக்கொண்டே களவு சாஸ்திரத்தைப் பேசி முடிக்கிறான். முந்தின நாள் ரத்தின வீதியில் ஒரு கடைப்படி ஏறியிருந்தால்கூடப் போதும். அங்கே அவனுக்கு ஒரு முகமாவது தெரிந்திருக்கும். சிலம்பை வீதியில் எதிர்ப்பட்டவனிடம் காட்ட வேண்டி வந்திருக்காது.

இன்று லாட்ஜ் கணக்குப் புத்தகத்தில் பெயர், தகப்பனார் பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன காரியம் என்று நிரப்பச் சொல்லி, ஆதார் நகலும் கேட்கிறார்கள். நாம் முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறோம். கவுந்தி மாதரியிடம் சொன்னதும் ஏறக்குறைய இதே விவரங்கள்தான். வித்தியாசம், குமாஸ்தா அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார். மாதரி மனசில் வாங்கிக்கொண்டாள்.

மதுரை எரிந்த பிறகு காவியம் சேர நாட்டுக்குப் போய்விடுகிறது. ஆனால் இளங்கோ ஜாகைக்காரியை மறக்கவில்லை. வஞ்சிக் காண்டத்தில் மாடலன் செங்குட்டுவனிடம் பழைய செய்திகளைச் சொல்கிறபோது அதுவும் வருகிறது: அடைக்கலமாக வந்தவர்களை இழந்துவிட்டேன் என்று தன் இனத்தாரிடம் சொல்லிவிட்டு, நடு இரவில் மாதரி தீயில் விழுந்தாள், கவுந்தி உண்ணாமல் இருந்து உயிரை விட்டார். கோவலன் மாதரி வீட்டில் தங்கிச் சாப்பிட்டது ஒரு வேளையோ இரண்டு வேளையோதான்.